மருந்து வைத்தவள்

மஞ்சளாகவே இருந்து தொலைக்கக் கூடாது, எப்படியாவது நிறம் மாறிவிட வேண்டும் என்று சீனியம்மாள் இருக்கன்குடி மாரியை வேண்டிக்கொண்டிருந்தாள். கட்டின புருஷன் வயிற்றில் கிருமி இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்கிறவள் தன்னைத் தவிர வேறு எவளும் இருக்க மாட்டாள் என்று தோன்றியது. தோன்றினால் தோன்றட்டும், இத்தனை நாள் நல்லதைக் கேட்டு மட்டும் என்ன கிடைத்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் தவசிலிங்கத்தை உள்ளே கூட்டிப்போய், தொண்டையில் மருந்து அடித்து மரத்துப்போக வைத்து, குழாயை இரைப்பை வரைக்கும் விட்டு எடுத்திருந்தார்கள். உள்ளேயிருந்து துணுக்குச் சதையைக் கிள்ளி ஒரு சின்ன அட்டையில் இருந்த மஞ்சள் மருந்தில் வைத்திருப்பதாக அந்த நர்ஸ் ஜெசிந்தா சொன்னாள். மஞ்சளாவே இருந்தா கிருமி இல்லம்மா, ரோஸா மாறுனா இருக்குன்னு அர்த்தம், செத்த நேரம் ஆகும், வெளிய உக்காருங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள். அவளுக்கென்ன, ஒரு நாளைக்கு எத்தனை அட்டையோ. மதுரையில் வயிற்றுக்கென்றே நடக்கிற ஆஸ்பத்திரி, நாற்காலி எல்லாம் நிறைந்து ஆட்கள் சுவர் ஓரமாகவும் நின்றார்கள். தவசிலிங்கம் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, வாயோரம் வழிகிற எச்சிலைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த இரண்டு நாற்காலியில் ஒன்றில் அவர் பை, இன்னொன்றில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில், மூடி திறக்காதது. கூட ஒரு ஆள் இருந்தால்தான் குழாய் விடுவோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளை அழைத்தே வந்திருக்க மாட்டார். அவர் அக்காவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. அதனால்தான் பெண்டாட்டி.

மூடி திறக்காத பாட்டில். அவள் திறந்து கொடுத்தால் குடிக்க மாட்டார். இந்த ஒன்பது வருஷமாக அவள் கையால் ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர் கிடையாது. ஒரே வீடு, ஒரே கூரை, சாத்தூர் லாரி செட்டில் புக்கிங் முடித்து வந்தால் இந்த வீட்டில்தான் படுக்கை, ஆனால் சாப்பாடு மட்டும் இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டில். அக்கா ஆவுடைத்தங்கம்தான் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னவள். சாப்பிட்டால் நெஞ்சுக்குழியில் எரிச்சல், சாப்பிடாவிட்டால் வலி, ஏப்பம் வந்தால் வந்துகொண்டே இருக்கும், எந்த டாக்டர் கொடுத்த மாத்திரையும் பத்து நாளுக்கு மேல் கேட்கவில்லை என்று தம்பி இளைத்துக்கொண்டே போனதும், அவள் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, இது நோவு இல்லடா, உனக்கு எவளோ சோத்துல மருந்து வச்சிருக்கா என்றாள். எவளோ என்றுதான் சொன்னாள். பார்வையை மட்டும் சீனியம்மாள் நின்ற அடுப்படிப் பக்கம் அனுப்பினாள். தனிக்குடித்தனம் போக வேண்டும், புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் எதைத்தான் கலக்க மாட்டாள். அப்புறம் மலையடிவாரத்தில் மருந்து எடுக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்று கூட்டிப்போனார்கள். சீனியம்மாளையும் கூட்டிப்போனார்கள், கண்ணால் பார்க்கட்டும் என்று. அந்தப் பொம்பளை இவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, தொப்புளுக்கு மேலே ஒரு குழலை வைத்து வாயால் உறிஞ்சி உறிஞ்சி, வெற்றிலையில் ஒரு கறுப்பு உருண்டையைத் துப்பினாள். துப்பினதைக் குச்சியால் பிரித்துக் காட்டினாள். உள்ளே தலைமுடி. முழ நீளத்துக்கு இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கோடு. எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி இவளைப் பார்த்தார்கள். அன்றைக்கு இவள் தலையில் முடியே இல்லை. இதே மனுஷன் வயிறு நல்லாக வேண்டும் என்று இருக்கன்குடியில் மொட்டை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, சந்தனம் பூசின தலையில் அப்போதுதான் முள்முள்ளாகக் கிளம்பியிருந்தது. எனக்கு முடி எங்க இருக்கு மதினி என்று கேட்டாள். வச்சது எப்பவோ, மொட்டை போட்டது இப்பதான என்றாள் ஆவுடைத்தங்கம். மறைக்கத்தான் மொட்டையே போட்டிருக்கிறாள் என்று அந்த மருந்து எடுக்கிறவள் ஒரு வார்த்தை சேர்த்துக்கொடுத்தாள், கூலிக்கு மேல் கொசுறு மாதிரி. இவர் சட்டையை மாட்டிக்கொண்டார். சட்டைப் பித்தானைப் போடுகிறபோது அவர் விரல் நடுங்கினதை இவள் பார்த்தாள், தன்னைப் பார்த்து அவருக்குப் பயம் என்று அப்போதுதான் புரிந்தது. திட்டியிருக்கலாம், அடித்திருந்தால்கூட ஒரு வாரத்தில் மறந்திருக்கும். பிள்ளை பெற்றுக் கொடுத்து, கூடப் படுத்து எழுந்திருக்கிற பெண்டாட்டியைப் பார்த்து ஒருவன் பயப்படுவதை எப்படி மறக்கிறது.

சுவரில் இரைப்பையின் படம் ஒன்று மாட்டியிருந்தது, தோலுரித்த ஆட்டுக் குடல் நிறத்தில். இதற்குள் போய் வசியத்தைத் தேடினார்கள். அட்டை இருக்கிற அறைக் கதவு திறந்து திறந்து மூடியது, எட்டிப் பார்த்தால் மேஜையின் ஒரு மூலைதான் தெரிகிறது. மாறியிருக்குமோ. மாறாவிட்டால்? மாறாவிட்டால் கிருமி இல்லை, கிருமி இல்லாவிட்டால் பழையபடி மருந்துதான், அக்காக்காரி இன்று சாயங்காலமே ஊரெல்லாம் சொல்லிவிடுவாள், குழாய் விட்டுப் பார்த்தும் டாக்டருக்கே பிடிபடவில்லை, அப்புறம் வேறென்ன என்று. அதை நினைத்ததும் சீனியம்மாளின் நெஞ்சுக்குழியிலும் எரிந்தது. அவளுக்கும் எரியும், வருஷக்கணக்காகவே எரிகிறது, சீரகத்தைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். அவள் வயிறு எரிந்தால் எவன் மருந்து வைத்தான் என்று யாரும் கேட்டதில்லை, நேரத்துக்குத் தின்னாமல் கிடந்தால் அப்படித்தான் என்பார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் வயிற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் பேசுகிற மாதிரி முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் பேச்சு. ஒரு பெரியவர் தனக்கு வந்தது பரோட்டாவால் வந்தது என்றார், லாரி லைனில் டிரைவராகப் போன காலத்து பரோட்டா. இன்னொருத்தி மகன் செத்த துக்கத்தில் வயிறு சுருங்கிவிட்டது என்றாள். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற கோபம் என்றார். யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்று ஒருவர். ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள், சொந்த வீடு மாதிரி அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள். எதிர் வரிசையில் இருந்த ஒரு தாய், தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த வாலிபப் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே, பக்கத்தில் இருந்தவளிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தாள், வந்து ஆறு மாசந்தான் ஆச்சு, அதுக்குள்ள மருந்து வச்சுட்டா, சிரிச்சுக்கிட்டே போட்டா பாத்துக்கங்க. சீனியம்மாளுக்குக் காது சுட்டது. எழுந்துபோய் அந்தத் தாயின் வாயிலேயே ஒன்று வைக்கலாமா என்று வந்தது. அந்த மருமகள் இந்நேரம் எந்த ஊரில் எந்த அடுப்படியில் நிற்கிறாளோ, தான் வடித்த சோற்றை யாரும் தொடாததைப் பார்த்துக்கொண்டு. ஜில்லாவுக்கு ஒருத்தியா, தெருவுக்கு ஒருத்தியா, இப்படி எத்தனை பேர்.

பவித்ரா முகம் வந்தது. மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள், அப்பாவிடம் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அப்போது அவளுக்கு ஒன்பதோ பத்தோ. மருந்து எடுத்துவிட்டு வந்த புதிதில், முழுசாக அக்கா வீட்டுக்கே போவதற்கு முன்னால், கொஞ்ச நாள் இவர் வீட்டிலேயே சாப்பிட்டுப் பார்த்தார். எப்படிச் சாப்பிட்டார்? தட்டில் போட்டதும் மகளைக் கூப்பிடுவார். பவிக்குட்டி, அப்பாவுக்கு முன்னாடி நீ ஒரு வாய் சாப்பிடு. அவள் ஓடிவந்து, அப்பா தட்டில் முதல் வாய் தனக்கென்று ஒரே பெருமையாக வாயைத் திறப்பாள். ஊட்டிவிட்டு, அவள் முழுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். முழுங்கினதும் சற்று நேரம் கதை பேசச் சொல்லுவார். அப்புறம்தான் தன் வாயில் வைப்பார். பாசத்தில் ஊட்டுகிறார் என்றுதான் சீனியம்மாளும் முதலில் நினைத்தாள், வெட்கங்கெட்டவள், கதவு நிலையில் சாய்ந்து அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டுகூட இருந்தாள். ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல், சாப்பிடவில்லை. அன்றைக்கு அவர் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். அப்போதுதான் உறைத்தது. பெற்ற பிள்ளையை நாய்க்குப் போட்டுப் பார்ப்பது போல வைத்துப் பார்த்திருக்கிறார். அந்தத் தட்டை எடுத்துத் தெருவில் வீசினாள், குழம்பு சிதறிச் சுவரெல்லாம் மஞ்சள், எத்தனை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. வீசினதும் அவள்தான் தப்பு செய்தவள் ஆகிப்போனாள், பாத்தியா, அகப்பட்டதும் தட்டை வீசுதா என்றாள் மதினி. மறுநாளிலிருந்து அக்கா வீட்டுச் சோறு. அந்தச் சோற்றைத் தின்றும் வயிறு எரிந்ததே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை? கேட்டாள், ஒரே ஒரு தடவை. உள்ள போனது ஊறிப்போச்சு, லேசுல போகுமா என்று பதில் வந்தது. இந்த வருஷம் ஆள் பாதியாகிவிட்டார், கறுப்பாக வெளிக்குப் போகிறது என்று லாரி செட் முதலாளிதான் பிடித்து அனுப்பியிருக்கிறார். கறுப்பாகப் போனால் புற்றாகக்கூட இருக்கலாம் என்று பவித்ரா போனில் அழுதாள். புற்று. அப்படி இருந்தாலும்தான் என்ன, மருந்து இல்லை என்று ஆகிவிடுமே என்று மனசு ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டது. சீனியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சீ, என்ன நினைப்பு இது. தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றின கையை இறக்குவதற்குள் மறுபடியும் அதே நினைப்பு, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றது. செத்தாலும் பரவாயில்லை, நான் வைக்கவில்லை என்று தெரிந்து சாகட்டும். இந்த மனுஷன் வயிறு கெட்டதை விட என் மனசு அல்லவா கெட்டுப்போய்க் கிடக்கிறது. இதை எந்தக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள்.

ஜெசிந்தா கதவைத் திறந்து தவசிலிங்கம் பேரைச் சொன்னாள். எழுந்து போகிற வழியில் சீனியம்மாள் அவள் கையை லேசாகத் தொட்டு, மாறியிருச்சா என்று கேட்டாள். நல்லா ரோஸா மாறியிருச்சும்மா, இங்க வர்றவங்கள்ல பாதிக்கு மேல ரோஸ்தான், பயப்படாதீங்க என்றாள் நர்ஸ். பயமா. சீனியம்மாள் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். ரோஸ். மாரியாத்தா, ரோஸ். டாக்டர் சின்ன வயசுக்காரர், காலையிலிருந்து ஒரே மாதிரி வயிறுகளைப் பார்த்த அலுப்பு முகத்தில் இருந்தது. புற்றெல்லாம் இல்லை, புண் இருக்கிறது, அதற்குக் காரணம் கிருமி, இரண்டு வாரத்துக்கு மாத்திரை தருகிறேன், ஒரு வேளைகூட விடக் கூடாது, ராத்திரிக்குக் காரமில்லாமல் கஞ்சி மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே எழுதினார். தவசிலிங்கம் தொண்டையைச் செருமினார். மரத்துப்போனது இன்னும் முழுசாகத் தெளியவில்லை, குரல் கரகரவென்று வந்தது.

"டாக்டர், இதை யாராவது சோத்துல கலந்து குடுத்துருக்க முடியுமா?"

பேனா நின்றது. சீனியம்மாள் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் தெய்வத்தைக் கெஞ்சி வாங்கின ரோஸ் நிறம், அதற்குள் அதுவும் அவள் கலந்ததாகிவிட்டது. டாக்டருக்குக் கேள்வியின் கனம் தெரியவில்லை, சிரித்துவிட்டார்.

"கலக்குறதா? நாள்பட்ட அஜீரணம்னு என்கிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல இந்தக் கிருமிதாங்க. வெளிய உக்காந்திருக்காங்களே, அத்தனை பேருக்கும் யாரு கலந்து குடுத்திருப்பா? இது அநேகமா சின்னப் பிள்ளையிலயே வந்துரும். வீட்டுல இருக்கிறவங்க கை, வாய், தண்ணி. அப்புறம் வருஷக்கணக்கா சத்தமில்லாம உள்ள கிடக்கும்."

சின்னப் பிள்ளையிலேயே. யாரிடமிருந்து என்று சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்று டாக்டர் அடுத்த சீட்டைக் கையில் எடுத்தார். ஆனால் சீனியம்மாள் காதில் ஆவுடைத்தங்கத்தின் குரல் கேட்டது. நல்லது கெட்டது எதிலும் விடாமல் அவள் சொல்லுகிற பெருமை அது, ஆத்தா செத்தப்ப இவனுக்கு ஒரு வயசு, என் வாயில மென்னு மென்னு ஊட்டி வளத்த தம்பியாக்கும். கடலையை மென்று ஊட்டினது, சோற்றை மென்று ஊட்டினது, மாங்காயைக் கடித்துப் பாதி கொடுத்தது. சீனியம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மடல் மட்டும் சிவந்திருந்தது. அவருக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கிறது. வெளியே வருகிறபோது ஆட்டம் போட்டுக்கொண்டு வருவோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பாவம், அந்த அக்காக்காரியும் வேண்டுமென்றா செய்தாள், தாயில்லாப் பிள்ளைக்குப் பசிக்கிறதே என்று மென்று கொடுத்திருப்பாள். அவள் வாயிலிருந்துதான் வந்தது என்றும் சொல்ல முடியாது. வாத்தியாருக்கும் பரோட்டா பெரியவருக்கும் வந்த மாதிரி வந்திருக்கிறது, தூசி மாதிரி, சளி மாதிரி, ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற ஒன்று. யாரும் யாருக்கும் எதுவும் வைக்கவில்லை. குற்றமே நடக்கவில்லை, தண்டனை மட்டும் நடந்து முடிந்திருக்கிறது. பெரிய சதிக்காரியாக இருந்திருந்தாலாவது அனுபவித்ததுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். எதிர் வரிசைத் தாய் மகனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள். அந்த அட்டையும் மாறட்டும் என்று சீனியம்மாள் நினைத்தாள், மாறினாலும் என்ன ஆகும் என்றும் உடனே நினைத்தாள்.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றபோது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அக்காதான். தவசிலிங்கம் கொஞ்சம் தள்ளிப்போகவில்லை, அங்கேயே நின்று பேசினார். கிருமியாம்க்கா, பயப்படுற மாதிரி இல்லையாம், எல்லாருக்கும் இருக்கிறதுதானாம், மாத்திரை குடுத்திருக்காங்க. அடுத்த வார்த்தைக்காக சீனியம்மாள் காத்து நின்றாள். சின்னப் பிள்ளையில் வந்தது என்று ஒரு வார்த்தை. அப்போது இவள் பிறந்து தவழ்ந்திருக்கக்கூட மாட்டாள், அந்த ஒரு வார்த்தை போதும், மிச்சத்தை அந்த அக்காக்காரியே புரிந்துகொள்வாள். ஆமாக்கா, சரிக்கா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு, ரோட்டிலிருந்து தலையைத் திருப்பாமலே, ராத்திரிக்கு நீயே கஞ்சி வச்சுரு என்றார். நாளைக்குத் தண்ணீர் வரும், குடத்தை எடுத்து வை என்கிற மாதிரி. இந்தச் சொல்லுக்காக எத்தனை தடவை மனசுக்குள் அடுப்பு மூட்டியிருக்கிறாள். கை இப்போதே அரிசி களையத் தொடங்கிவிட்டது, பச்சரிசியா புழுங்கலரிசியா, பாசிப்பருப்பு ஒரு கை போடலாமா, உப்பு குறைத்துப் போட வேண்டும் என்று அது பாட்டுக்கு ஓடுகிறது. ரோஷம் கெட்ட கை. மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வைக்கிறேன். அதுக்கு முன்னாடி மதினிக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, சீனி மருந்து வைக்கலைன்னு. என் காது கேக்கச் சொல்லுங்க."

தவசிலிங்கம் போனைப் பார்த்தார். திரையில் ஒட்டியிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். இப்ப எதுக்கு அதெல்லாம், முடிஞ்சு போன கதை என்றார். சீனியம்மாள் அவர் முகத்தில் இப்போது பயம் இல்லை என்பதைக் கவனித்தாள், அன்றைக்கு விரல் நடுங்கினதே, அந்தப் பயம் எப்போதோ போயிருக்கிறது, போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ. அது போன பிறகும் இரண்டு தெரு தாண்டித்தான் போய்ச் சாப்பிட்டிருக்கிறார், அக்காவிடம் போய் நான் நினைத்தது தப்பு என்று சொல்லுவதற்கு வாய் வராமல். டாக்டரிடம் கேட்டதும் அக்காவுக்குச் சொல்ல ஒரு சாக்குத் தேடித்தான். பசித்த வயிறு, எரிகிற வயிறு, புண்ணான வயிறு, அதற்குள் இந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார். சாத்தூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பேரை அடுக்கிக்கொண்டு இறங்கினான். தவசிலிங்கம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"சரி விடு. நான் அக்கா வீட்டுலயே குடிச்சுக்கிறேன்."

சொல்லிவிட்டுப் பின்பக்கப் படியில் ஏறி உள்ளே போய்விட்டார். சீனியம்மாள் கீழேயே நின்றாள். இதுவரைக்கும் சந்தேகப்படுகிற புருஷன் ஒருவன் இருந்தான், அவனிடம் நிரூபிப்பதற்கு ஒன்று இருந்தது, அந்தச் சந்தேகமாவது மிஞ்சியிருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு. ஏறும்மா, ஏறு, கிளம்பப்போகுது என்றான் கண்டக்டர். முன்பக்கமாக ஏறி, பெண்கள் வரிசையில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து, தன் டிக்கெட்டைத் தானே எடுத்தாள்.